கருப்பை தயாரா? உயிரணுவின் மேற்பரப்பைப் படித்த கதை

செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்த மாணவர்களுக்கு இது தெரிந்திருக்கும். பெண் பூங்கொத்து விரிந்ததும் அதன் சூல்முடிகள் வெளிர் மஞ்சளாக இருக்கும். கிட்டே போனால் சோம்பு வாசம் அடிக்கும். இரண்டு மூன்று நாள்தான். பிறகு நிறம் ஊதா கலந்த சிவப்பாக மாறி, கடைசியில் கறுத்துவிடும். அந்த இரண்டு மூன்று நாளுக்குள் மகரந்தம் வந்து விழுந்தால் குலை; இல்லையென்றால் ஒன்றும் இல்லை.

இன்று இந்த வேலையைச் செய்வது சின்னஞ்சிறு கூன்வண்டு. 1981-இல் ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டிலிருந்து இந்த வண்டைக் கொண்டுவந்து நம் நாட்டுத் தோட்டங்களில் விட்டார்கள். அதற்கு முன்பு பல தோட்டங்களில் மகரந்தத்தை டால்கம் பவுடருடன் கலந்து, ஆட்கள் பூப் பூவாக ஊதிவிட வேண்டும். பாகாவ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் என் பெரியம்மா அந்த வேலை செய்தவர். "நெறத்தப் பாத்தாலே தெரியும்டா, இது இன்னிக்கா நாளைக்கான்னு" என்பார். ஆயிரக்கணக்கான குலைகளுக்குக் காரணமாக இருந்த அவருக்குப் பிள்ளை இல்லை. லயத்தில் யாருக்காவது வளைகாப்பு என்றால் அவரே ஒதுங்கிக்கொள்வார். பெரியப்பாவை யாரும் ஒரு வார்த்தை கேட்டதாக எனக்கு நினைவில்லை.

பூவின் மேற்பரப்பைப் பார்த்து அது தயாரா என்று சொல்ல முடிகிறது. கருப்பையின் உட்சுவரைப் பார்த்தும் அப்படிச் சொல்ல முடியுமா? இந்தக் கேள்வியோடு அறிவியலாளர்கள் அரை நூற்றாண்டு நுண்ணோக்கிமுன் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஓர் அழகான விடை கிடைத்தது. அந்த விடை பிறகு என்ன ஆனது என்பதுதான் இந்த வாரக் கட்டுரை.

திறந்து மூடும் கதவு

மாதவிடாய்ச் சுழற்சியின் படத்தை அறிவியல் பாடநூலில் பார்த்திருப்பீர்கள். 28 நாள் சுழற்சி என்று வைத்துக்கொண்டால், ஏறத்தாழ 14-ஆம் நாளில் சூலகத்திலிருந்து கருமுட்டை வெளிவருகிறது. விந்தணு அதோடு சேர்ந்தால் கரு உருவாகி, பிரிந்து பிரிந்து வளர்ந்தபடியே கருக்குழாய் வழியாகக் கருப்பைக்குள் வருகிறது. அங்கே உட்சுவரில் ஒட்டிப் புதைய வேண்டும். இதைத்தான் கரு பதிதல் என்கிறோம்.

கரு எந்த நாளில் வந்தாலும் உட்சுவர் அதை ஏற்காது. ஏற்கும் நாள்கள் சிலவே. வழக்கமாக 20 முதல் 24-ஆம் நாள்வரை என்று சொல்வார்கள். அந்த இடைவெளிக்கு அறிவியலாளர்கள் வைத்த பெயர் 'பதியும் சாளரம்'. அமெரிக்காவில் ஆலன் வில்காக்ஸ் குழுவினர் பெண்களிடம் தினமும் சிறுநீர் மாதிரி வாங்கி, கரு பதிந்ததும் வெளிப்படும் ஹார்மோனைத் தேடினார்கள். 1999-இல் வெளியான முடிவின்படி, ஆறு வாரத்தைத் தாண்டி நிலைத்த கருக்களில் 84 விழுக்காடு, கருமுட்டை வெளிவந்த 8, 9 அல்லது 10-ஆம் நாளில் பதிந்தவை. 9-ஆம் நாளுக்குள் பதிந்தவற்றில் 13 விழுக்காடு மட்டுமே தொடக்கத்திலேயே கலைந்தன. 11-ஆம் நாளுக்குப் பிறகு பதிந்தவற்றில் 82 விழுக்காடு கலைந்தன. பிந்தி வருபவருக்கு இடம் கிடைப்பது அரிது!

ஆக, நாள் முக்கியம். ஆனால் நாள்காட்டியை மட்டும் நம்ப முடியாது. ஒருவருக்கு 26 நாள், இன்னொருவருக்கு 33 நாள். ஒரே பெண்ணுக்கும் மாதத்துக்கு மாதம் மாறும். அதனால்தான் உட்சுவரையே பார்த்து 'இன்று தயார்' என்று சொல்லும் அடையாளம் ஒன்றைத் தேடினார்கள்.

1950-இல் நோயஸ், ஹெர்டிக், ராக் என்ற மூன்று அமெரிக்க மருத்துவர்கள் ஒரு வழி சொன்னார்கள். உட்சுவரிலிருந்து ஒரு துணுக்கை எடுத்து, மெல்லிய சீவலாக வெட்டி, சாயமேற்றி, சாதாரண ஒளி நுண்ணோக்கியில் பார்ப்பது. சுரப்பிகள் எப்படி வளைந்திருக்கின்றன, நீர் எவ்வளவு கோத்திருக்கிறது என்று பார்த்து, 'இது இத்தனையாம் நாள் திசு' என்று தேதி குறிப்பது. ஐம்பது ஆண்டுகள் உலகெங்கும் மருத்துவமனைகள் இதைத்தான் செய்தன.

சீவலில் தெரிவது பக்கவாட்டு வெட்டுமுகம். கேக்கை வெட்டினால் அடுக்குகள் தெரியும். மேலே பூசிய கிரீமின் கோலம் தெரியாது. கரு வந்து தொடுவதோ அந்த மேற்பரப்பைத்தான். அதைப் பார்க்க வேறு கருவி வேண்டியிருந்தது.

மிளகாய் வற்றல் ஆகாமல் காய வைப்பது

அலகிடும் எலெக்ட்ரான் நுண்ணோக்கி 1965-இல் விற்பனைக்கு வந்தது. ஒளிக்குப் பதிலாக எலெக்ட்ரான் கற்றை பொருளின் மேற்பரப்பை வரி வரியாகத் தடவிச் செல்கிறது. பட்ட இடத்திலிருந்து சிதறும் எலெக்ட்ரான்களைக் கருவி பிடித்துப் படமாக்குகிறது. ஒளி நுண்ணோக்கியில் 200 நானோமீட்டரைவிட நெருக்கமாக உள்ள இரண்டு புள்ளிகள் ஒன்றாகவே தெரியும். இதில் சில நானோமீட்டர்வரை பிரித்துப் பார்க்கலாம். மேடும் பள்ளமும் நிழலோடு தெரியும். படம் எப்போதும் கறுப்பு வெள்ளைதான்; புத்தகங்களில் காணும் இளஞ்சிவப்பும் நீலமும் பிறகு கணினியில் பூசியவை.

ஆனால் இந்தக் கருவிக்குள் காற்று இருக்கக்கூடாது, வெற்றிடம் வேண்டும். ஈரமான திசுவை அப்படியே வைத்தால் பாழாகிவிடும். சரி, காய வைக்கலாமே? வெயிலில் காயும் மிளகாயை நினைத்துப் பாருங்கள். நீர் வெளியேறும்போது அதன் பரப்பு இழுவிசை தோலையும் சேர்த்து இழுத்துச் சுருக்கிவிடும். உயிரணுவின் மேற்பரப்பைப் பார்க்க வந்தவருக்கு அந்தச் சுருக்கங்கள் பெரிய ஏமாற்று.

அதனால் வேலை மெதுவாக நடக்கிறது. மருத்துவர் மெல்லிய பிளாஸ்டிக் குழாயால் உட்சுவரில் சில மில்லிமீட்டர் திசுவை உறிஞ்சி எடுப்பார். அதை உடனே குளூட்டரால்டிஹைடு கரைசலில் போட்டு, புரதங்களை இருந்த இடத்திலேயே பிணைத்து நிறுத்துவார்கள். பிறகு படிப்படியாகச் செறிவு கூடும் ஆல்கஹாலில் ஊற வைத்து நீரை அகற்றுவார்கள். அடுத்து ஆல்கஹாலை நீர்ம கரியமில வாயுவால் மாற்றி, அழுத்தத்தோடு சூடாக்குவார்கள். 31 பாகை செல்சியஸையும் 73 வளிமண்டல அழுத்தத்தையும் தாண்டியதும், நீர்மத்துக்கும் வாயுவுக்கும் இடையிலான எல்லையே மறைந்துவிடும். எல்லை இல்லை என்றால் பரப்பு இழுவிசையும் இல்லை. பிறகு வாயுவை மெல்ல வெளியேற்றினால், திசு அதிகம் சுருங்காமல் காய்ந்திருக்கும். கடைசியாக மேலே மிக மெல்லிய தங்கப் பூச்சு. 31 பாகை என்றால் நம் போர்ட்டிக்சன் கடற்கரையின் மதிய வெயில் அளவுதான். அழுத்தம்தான் வேறு உலகம்.

படத்தில் தெரிந்தது

சுழற்சியின் முற்பகுதியில், ஈஸ்ட்ரோஜன் ஆட்சியில், உட்சுவரில் இரண்டு வகை உயிரணுக்கள் தெரிகின்றன. சிலவற்றின் தலையில் நீண்ட குறுஇழைகள், லாலான் புல் புதர்போல. மற்றவற்றின் தலையில் குட்டையான, விரல் போன்ற மிக நுண்ணிய நீட்சிகள். இவற்றுக்கு மைக்ரோவில்லி என்று பெயர். வெட்டிவிட்ட பள்ளித் திடல்போல அவை அடர்ந்திருக்கும்.

கருமுட்டை வெளிவந்தபின் புரோஜெஸ்டரோன் கூடுகிறது. அப்போதுதான் வேடிக்கை. அந்த நுண்ணிய விரல்கள் குட்டையாகி, நுனி தடித்து, ஒன்றோடொன்று கலந்து மறைகின்றன. உயிரணுவின் தலை பொங்கி மேலெழுந்து, அப்பளப் பொங்கல்போல வழவழப்பான குமிழாக நிற்கிறது. ஒவ்வொரு குமிழும் சில மைக்ரோமீட்டர் அளவுதான். நம் இரத்தச் சிவப்பணுவின் விட்டம் ஏறத்தாழ 7 மைக்ரோமீட்டர் என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். சில நாள்களில் குமிழ் சுருங்கி, அதன் மேல் மறுபடியும் விரல்கள் முளைக்கத் தொடங்குகின்றன.

இவற்றை முதலில் விரிவாகப் பார்த்தது எலியில். 1971-இல் பிரான்சில் சிக்கோயோசும் மாண்டோனும் எலிக் கருப்பையின் மேற்பரப்பைப் படமெடுத்தார்கள். கரு பதியும் ஐந்தாம் நாளில்தான் குமிழ்கள் தெரிந்தன; சீக்கிரமே மறைந்தன. 1973-இல் எண்டர்ஸ், நெல்சன் என்ற இருவர், எலியின் குமிழ்கள் கருப்பைக்குள் இருக்கும் நீர்மத்தை உறிஞ்சுவதைக் காட்டி, பினோபோட் என்று பெயர் வைத்தார்கள். கிரேக்க மொழியில் 'குடிக்கும் கால்' என்று பொருள். நீர்மம் வடிந்தால்தானே சுவர்கள் நெருங்கி வந்து கருவைப் பிடிக்கும்! செம்பனைத் தோட்டத்தில் நாம் விரட்டும் எலிக்குள் இப்படியொரு நுட்பம்.

நம் நாட்டிலும் இந்தத் திசையில் ஆய்வு உண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்தின் உடலியல் துறையில் நகிப் சாலே குழுவினர் எலிக் கருப்பையின் நீர்மத்தைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்தவர்கள். வெங்காயம் போன்றவற்றில் இருக்கும் குவெர்செட்டின் என்ற பொருளைக் கருவுற்ற தொடக்க நாள்களில் எலிகளுக்குக் கொடுத்தபோது, கருப்பை நீர்மத்தின் அளவும் ஏற்புத் தன்மையும் குலைவதாக 2017-இல் எழுதினார்கள். (அம்மாவின் வெங்காயச் சாம்பாரைச் சந்தேகப்பட வேண்டாம். தனியாகப் பிரித்தெடுத்த பொருளை எலிக்குக் கொடுப்பது வேறு, சமையலில் வெங்காயம் வேறு.)

மனிதரிலும் அதே குமிழ்கள் இருந்தன. கிரேக்க ஆய்வாளர் ஜார்ஜ் நிகாஸ் 1990-களில் நிறையப் பெண்களின் திசுக்களைப் பார்த்து மதிப்பிடும் முறையையே வகுத்தார். குமிழ் வளர்கிறதா, முழுதாக விரிந்ததா, வாடுகிறதா என்று மூன்று நிலை. எவ்வளவு பரப்பை மூடியிருக்கிறது என்று ஓர் அளவு. முழுதாக விரிந்த நிலை இரண்டு நாளுக்கும் குறைவாகவே நிற்கிறது, அந்த நாள் பெண்ணுக்குப் பெண் மாறுகிறது என்றார். கருத்தரிப்புச் சிகிச்சைக்கு மருந்து எடுத்தவர்களுக்கு அது ஓரிரு நாள் முந்தி வந்தது. 1999-இல் டென்மார்க் ஆய்வாளர்கள், ஆய்வகத்தில் வளர்த்த கருப்பை உயிரணுக்களின் மேல் மனிதக் கருவை வைத்தபோது, அது குமிழ்கள் உள்ள இடத்தில் ஒட்டியிருப்பதைக் கண்டார்கள்.

எல்லாம் அச்சாகப் பொருந்துகிறது, இல்லையா? பெரியம்மா பார்த்த பூ நிறம் கருப்பையிலும் கிடைத்துவிட்டது! பாடநூல்களில் பினோபோட் 'பதியும் சாளரத்தின் அடையாளம்' ஆனது.

படம் அழகு, ஆனால்...

முதல் கேள்வி: எடுத்தது சில மில்லிமீட்டர் திசு. கருப்பை முழுவதும் அப்படித்தானா? இல்லை. குமிழ்கள் திட்டுத் திட்டாக இருக்கின்றன. ஓரிடத்தில் நிறைய, இன்னோரிடத்தில் கொஞ்சம். எந்த இடத்தில் கிள்ளினோம் என்பதே விடையை மாற்றும். ஒரு மேட்டில் நின்றுகொண்டு தோட்டம் முழுக்க எத்தனை குலை என்று சொல்வது மாதிரி.

இரண்டாவது: மதிப்பிடுவது மனிதக் கண். பாதி வளர்ந்த குமிழ் எது, வாடத் தொடங்கிய குமிழ் எது? இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். 'இது 21-ஆம் நாள் திசு' என்று முன்பே தெரிந்து பார்ப்பவருக்கு 'விரிந்த நிலை' என்றுதான் படும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. எதிர்பார்ப்பதைக் காண்பது எல்லாக் கண்ணுக்கும் உள்ள பழக்கம். அதனால் படங்களுக்கு வெறும் எண் மட்டும் கொடுத்து, எந்த நாள், யாருடையது என்பதை மறைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

பிள்ளைப்பேறுக்குத் தடையில்லாத, வழக்கமான சுழற்சியுள்ள பெண்களிடம் வெவ்வேறு நாள்களில் திசு எடுத்துக் கவனமாகப் பார்த்த ஆய்வுகள் 2000-லும் 2003-லும் அமெரிக்காவிலிருந்து வந்தன. சாளர நாள்களில் குமிழ்கள் இருந்தன. ஆனால் சாளரம் மூடியபிறகும் இருந்தன! சுழற்சியின் பிற்பகுதி முழுக்க ஏதோ ஓர் அளவில் அவை தொடர்ந்தன. இரண்டு நாள் மட்டும் எரியும் விளக்கு என்று நினைத்தது, இரவு முழுக்க எரியும் விளக்காக இருந்தது. அதை வைத்து மணி சொல்ல முடியுமா?

பெயர்கூட ஆட்டம் கண்டது. மனிதக் குமிழ்கள் எலியில் உள்ளவைபோல நீர்மம் குடிப்பதாகக் காட்ட முடியவில்லை. சிட்னியின் கிறிஸ்டோபர் மர்ஃபி, 'குடிக்காததைக் குடிக்கும் கால் என்று ஏன் அழைக்க வேண்டும்?' என்கிற கருத்தில் யூட்ரோடோம், அதாவது கருப்பைக் குவிமாடம், என்ற பெயரை முன்வைத்தார். எலி சொன்னதை மனிதருக்கு அப்படியே தூக்கி வைத்ததன் விளைவு இது.

1950-இன் சீவல் முறையும் தப்பவில்லை. 2004-இல் 600-க்கும் மேற்பட்ட அமெரிக்கப் பெண்களிடம் அதைச் சோதித்தார்கள். சாளரத்தின் நடுப் பகுதியில் எடுத்த திசுக்களில், பிள்ளை பெற்ற பெண்களிலேயே ஏறத்தாழப் பாதிப் பேருக்கு 'திசு நாளோடு பொருந்தவில்லை' என்று விடை வந்தது. பிள்ளை இல்லாதவர்களிடம் அந்த விகிதம் இன்னும் சற்றுக் குறைவு! ஐம்பது ஆண்டுகள் எத்தனை பெண்கள் அந்த வலியைத் தாங்கி, 'உங்கள் கருப்பை பிந்துகிறது' என்ற அறிக்கையோடு வீடு திரும்பியிருப்பார்கள் என்று எண்ணும்போது எனக்குக் கோபமே வருகிறது.

இன்னொரு சிக்கல் அடிப்படையானது. கிள்ளி எடுத்து, ஆல்கஹாலில் ஊற வைத்து, தங்கம் பூசிய உயிரணுவில் எந்தக் கருவும் பதியப் போவதில்லை. பார்ப்பது இந்த மாதத்துச் சுவர். பயன்படுத்தப் போவது அடுத்த மாதத்துச் சுவர். நடுவில் பழைய சுவர் உதிர்ந்து புதிது வளர்ந்திருக்கும். பெரியம்மாவுக்கு இந்தத் தொல்லை இல்லை. பார்த்த பூவிலேயே அவர் தூளை ஊதினார்.

பிறகு மேற்பரப்பை விட்டுவிட்டு மரபணுக்கள் பக்கம் போனார்கள். 2011-இல் ஸ்பெயினின் வாலென்சியாவில் 238 மரபணுக்களின் செயல்பாட்டை வைத்து 'தயார்' நாளைக் கணிக்கும் சோதனை வந்து, உலகெங்கும் விற்பனையானது. 2022-இல் அமெரிக்காவில் 767 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்துப் பார்த்தார்கள். சோதனை சொன்ன நேரத்தில் கருவை வைத்த குழுவில் 58.5 விழுக்காட்டினருக்குக் குழந்தை பிறந்தது. வழக்கமான நேரத்தில் வைத்த குழுவில் 61.9. சோதனையால் பயன் தெரியவில்லை.

அப்படியானால் பினோபோட் பொய்யா? இல்லை. குமிழ்கள் உண்மை, புரோஜெஸ்டரோன் வந்ததும் மேற்பரப்பு மாறுவது உண்மை, கரு தொடுவதும் அந்த மாறிய பரப்பைத்தான். 'ஒரு கிள்ளில் பார்த்து ஒரு பெண்ணுக்குத் தீர்ப்புச் சொல்லலாம்' என்பது மட்டும்தான் நிற்கவில்லை.

இவ்வளவு நுண்ணோக்கிகளும் பெண்ணின் பக்கமே திரும்பியிருப்பதைக் கவனித்தீர்களா? உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் தந்த மதிப்பீட்டின்படி, பெரியவர்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவர் வாழ்நாளில் எப்போதாவது பிள்ளைப்பேறின்மையைச் சந்திக்கிறார். அந்தத் தம்பதியரில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஆணின் பக்கத்துக் காரணமும் உண்டு. அதைப் பார்க்க வெற்றிடமும் தங்கப் பூச்சும் வேண்டாம். ஒரு துளி விந்து, ஒரு கண்ணாடித் தகடு, ஒளி நுண்ணோக்கி போதும். விந்தணு எத்தனை, நீந்துகிறதா என்று எண்ணிவிடலாம். பெரியப்பா காலத்திலும் அது முடிந்திருக்கும்.

நீங்களே மதிப்பிட்டுப் பாருங்கள்

மேற்பரப்பைப் படிப்பது எவ்வளவு சிரமம் என்பதைப் பள்ளி ஆய்வகத்திலேயே உணரலாம். ஒரே செம்பருத்திச் செடியிலிருந்து காலை எட்டு மணிக்கு மூன்று இலை, மதியம் ஒரு மணிக்கு மூன்று இலை பறியுங்கள். பறித்த உடனே ஒவ்வொன்றின் அடிப்பக்கத்திலும் நிறமற்ற நகப்பூச்சை மெல்லியதாகப் பூசி, நன்கு காய்ந்ததும் தெளிவான ஒட்டுநாடாவை அழுத்தி உரித்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டுங்கள். இலையின் மேற்பரப்பு அச்சாக அதில் வந்திருக்கும். 400 மடங்கில் பார்த்தால் இலைத்துளைகள் தெரியும்.

தகடுகளுக்கு எண் போடும் வேலையை நண்பரிடம் விடுங்கள். எது காலை, எது மதியம் என்ற பட்டியல் அவர் சட்டைப் பையிலேயே இருக்கட்டும். ஒவ்வொரு தகட்டிலும் ஐந்து இடம் பார்த்து, திறந்த துளை எத்தனை, மூடியது எத்தனை, சொல்ல முடியாதது எத்தனை என்று எழுதுங்கள். உங்கள் தாளைக் காட்டாமல் இன்னொருவரையும் அதே தகடுகளை எண்ணச் சொல்லுங்கள். பட்டியலைத் திறப்பதற்குமுன் இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்து, 'சொல்ல முடியாதது' என்ற கட்டத்தில் யார் எவ்வளவு எழுதியிருக்கிறீர்கள் என்று முதலில் பாருங்கள்.